கால் ஊன்றாதவர்கள்

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு பழைய புல்லட் வாங்கப் போனேன். விற்பவர் வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். பெட்ரோல் டாங்கியில் என் முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்தே நான் பாதி விலை பேசி முடித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். கூட வந்த மெக்கானிக் வயதானவர். புதுப்பேட்டையில் பாதி ஆயுளைக் கழித்தவர். அவர் டாங்கியின் பக்கம் திரும்பவே இல்லை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தச் சொன்னார். பின்னால் போய்க் குந்தினார். பின்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். 'டக்' என்று சின்னதாக ஓர் ஓசை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இது வேணாம் சார்" என்றார்.

"ஏன் பாய், வண்டி புதுசு மாதிரி இருக்கே?" என்றேன்.

"பளபளப்பு நேத்து வந்தது சார். ஆட்டம் பத்து வருஷமா இருக்குது" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வார்த்தை காதில் நின்றது. மோட்டார் சைக்கிள் உலகத்தில் டிரையல்ஸ் என்று ஒரு பந்தயம் உண்டு. அதன் சரித்திரத்தைப் பின்னால் படித்தபோது, பாய் சொன்ன இரண்டு வாக்கியத்துக்கு எழுதிய நீண்ட உரையாகவே அது எனக்குப் பட்டது.

பந்தயம் என்றால் வேகம் என்று நாம் நினைக்கிறோம். இந்தப் பந்தயத்தில் வேகத்துக்கு வேலை இல்லை. மலைச்சரிவிலோ ஓடைப்படுகையிலோ ஒரு துண்டு வழியைக் குறித்து விடுவார்கள். வழுக்குப் பாறை, மரவேர், முழங்கால் அளவு தண்ணீர், சேறு எல்லாம் அதற்குள் இருக்கும். மோட்டார் சைக்கிளில் ஏறியவன் கால் தரையில் படாமல் அந்தத் துண்டைக் கடந்தாக வேண்டும். ஓரத்தில் ஒரு பரிசோதகர் நின்று அவன் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தடவை ஊன்றினால் ஒரு புள்ளி, இரண்டு தடவைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை ஊன்றினாலும் மூன்று. விழுந்தாலோ வழியை விட்டு விலகினாலோ ஐந்து. இவை குற்றப்புள்ளிகள். கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவன் ஜெயித்தவன். நடந்து போகிறவன் வேகத்தில் ஒருவன் போய்க்கொண்டிருப்பான். பார்க்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

இது தொடங்கியது பிரிட்டனில். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிள் என்பது நம்பத் தகாத யந்திரம். பெல்ட் அறுந்துபோகும், மேட்டில் ஏறாது, நடு வழியில் நின்றால் உரியவன்தான் தள்ள வேண்டும். ஆகவே விற்கிறவர்கள் தங்கள் சரக்கு உழைக்கும் என்பதைக் காட்ட நீண்ட ஓட்டங்களில் இறங்கினார்கள். ஸ்காட்லாந்தின் மலைப்பாதைகளில் 1909-ல் ஆரம்பித்த ஓட்டம் பிறகு 'ஆறு நாள் டிரையல்' என்று பெயர் பெற்று இன்றும் நடக்கிறது. ஸ்காட் என்ற மோட்டார் சைக்கிளைச் செய்த ஆல்பிரட் ஆங்கஸ் ஸ்காட் 1914-ல் தம் தொழிலாளிகளுக்கென்று யார்க்ஷயரில் ஒரு போட்டி வைத்தார், அதுவும் நிலைத்துவிட்டது. முதலில் யந்திரத்துக்குத்தான் பரீட்சை. யந்திரங்கள் தேற ஆரம்பித்ததும் வழியைக் கடினமாக்கினார்கள். பரீட்சை மெல்ல மெல்ல மனிதன் பக்கம் திரும்பியது.

இந்த இடத்தில் நம் ஊருக்கு ஒரு சம்பந்தம் வருகிறது. அந்தக் காலத்தில் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்பக்கம் ஸ்பிரிங் கிடையாது. பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாக இருந்தால்தான் சேற்றில் பிடிக்கும் என்று டிரையல்ஸ்காரர்கள் சத்தியம் செய்தார்கள். ராயல் என்பீல்டு ஸ்தாபனம் 1948-ல் பின்பக்கம் ஸ்பிரிங் வைத்த புதுப் புல்லட்டை முதன்முதலில் வெளியே காட்டியது ஒரு கண்காட்சியிலோ கடைவீதியிலோ அல்ல. கோல்மோர் கோப்பை என்ற டிரையல் போட்டியின் சேற்றில். அதே வருஷம் இத்தாலியில் ஸான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் புல்லட் ஓட்டிய இருவர் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். ஜானி பிரிட்டன் என்ற இளைஞர் 350 ஸிஸி புல்லட்டை ஓட்டி 1952-லும் மறுபடி 1957-லும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியை ஜெயித்தார். விறைப்புக் கட்சி வாயடைத்துப்போயிற்று.

அந்தப் புல்லட்தான் 1955-ல் மதராஸ் மோட்டார்ஸின் கூட்டோடு பிறந்த என்பீல்டு இந்தியாவின் மூலமாகத் திருவொற்றியூருக்கு வந்தது. போலீஸ்காரர்களும் பால்காரர்களும் மாப்பிள்ளைகளும் ஏறிய அந்தக் கனத்த வண்டி, பாறை தாண்டப் பிறந்த குடும்பத்துப் பிள்ளை. பிரிட்டனில் 1970-ல் தாய் ஸ்தாபனம் மூடிவிட்டது. இங்கே வண்டி நிற்கவில்லை. 1977-லிருந்து திருவொற்றியூர் புல்லட் கப்பலேறி இங்கிலாந்துக்கே விலைக்குப் போயிற்று. பேரன் கையால் பாட்டன் வீட்டுக்கு அரிசி அனுப்பின மாதிரி.

ஆனால் இந்தச் சரித்திரத்தின் முக்கியமான அத்தியாயம் வேறொரு வண்டியைப் பற்றியது. ஸாமி மில்லர், 1933-ல் பெல்பாஸ்டில் பிறந்தவர். அவர் ஓட்டியது ஏரியல் ஸ்தாபனத்தின் 500 ஸிஸி வண்டி. 'ஜி.ஓ.வி. 132' என்ற அதன் பதிவு எண்ணை இங்கிலாந்தில் இந்த விளையாட்டின் பிரியர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏரியல் கம்பெனி 1959-ல் அந்த ரகத்து எஞ்சின்களைச் செய்வதையே நிறுத்திவிட்டது. இனிமேல் ஜனங்களுக்கு வேண்டியது வேறு மாதிரி வண்டி என்று முதலாளிகள் தீர்மானித்துவிட்டார்கள். அதே 1959-ல் மில்லர் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். அதற்கப்புறம் 1969 வரை பதினொரு வருஷம் அந்தப் பட்டத்தை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அதில் முதல் சில வருஷங்கள் அவர் ஜெயித்தது, செய்தவர்களே கைகழுவிய யந்திரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு.

கடையில் விற்றபோது அந்த வண்டி ஏறக்குறைய 300 ராத்தல். நம் கணக்கில் 135 கிலோ. மில்லர் அதை எதிரே நிறுத்தி, ஒவ்வொரு சாமானாக எடுத்துக் கையில் வைத்து, 'நீ எதற்கு?' என்று கேட்டிருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. பதில் சொல்லத் தெரியாத சாமான் போய்விட்டது. பதில் சொன்னதை இன்னும் லேசான உலோகத்தில் செய்துகொண்டார். இரும்பு இருந்த இடத்தில் அலுமினியம், தகரம் இருந்த இடத்தில் பைபர் கிளாஸ். சட்டத்தையே லேசான குழாயில் மாற்றிக் கட்டினார். எடை 250 ராத்தலுக்கும் கீழே இறங்கியது. ஸ்பேர் பார்ட்ஸ் தேர்ந்தெடுப்பது என்றால் நல்லதாகப் பார்த்து நாலு சாமான் வாங்கி மாட்டுவது என்று நாம் எண்ணுகிறோம். மாட்டுவதற்கு முன்னால் கழற்றத் தெரிய வேண்டும். எழுத்துக்கும் இது பொருந்தும், இருக்கட்டும்.

அவர் கண்டுபிடித்ததெல்லாம் கடைக்கு வந்து சாதாரண மனிதன் வாங்கும் வண்டியில் ஏறியிருக்க வேண்டும். ஏற வழியில்லை. அந்த வண்டியே விற்பனையில் இல்லையே! பிரிட்டனின் பெரிய மோட்டார் சைக்கிள் வம்சம் தன் மிகச் சிறந்த ஆசிரியரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டு பாடம் கேட்காமல் இருந்தது.

கேட்டவர் ஸ்பெயினில் இருந்தார். பிரான்ஸிஸ்கோ புல்டோ மோன்டேஸா ஸ்தாபனத்தில் பங்காளி. பந்தயங்களுக்குச் செலவழிப்பதை நிறுத்துவோம் என்று மற்றவர்கள் சொன்னதும், 1958-ல் வெளியேறி, பார்ஸலோனாவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டில் புல்டாகோ என்ற கம்பெனியை ஆரம்பித்தவர். புல்டோ என்ற குடும்பப் பெயரும் பாகோ என்ற செல்லப் பெயரும் சேர்ந்து புல்டாகோ. 1964-ன் கடைசியில் அவர் மில்லரை வரவழைத்தார். மில்லர் சுமார் இரண்டு வாரம் புல்டோவின் பண்ணையில் தங்கி, பகலில் பாறைகளின் மேல் ஓட்டினார். தொழிலாளிகள் அவர் சொன்னபடி அறுத்தார்கள், பற்றவைத்தார்கள், மறுபடி அறுத்தார்கள். முடிவில் நின்றது 244 ஸிஸி ஷெர்பா. எடை சுமார் 200 ராத்தல். அவர் கழற்றிக் கழற்றி இளைக்க வைத்த ஏரியலைவிடவும் லேசு.

1964 மே மாதம் ஏரியலில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் போட்டியை ஜெயித்தவர், 1965 மே மாதம் ஸ்பெயின் தேசத்து வண்டியில் ஜெயித்தார். அதுவரை தங்கள் ஊர் வண்டிகளே ஜெயித்துப் பழகிய ஜனங்களுக்கு அது சாமானிய அதிர்ச்சியல்ல. அதே ஷெர்பாவைக் கடையில் யாரும் பணம் கொடுத்து வாங்கலாம் என்பது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. சில வருஷங்களில் டிரையல்ஸ் மைதானமே ஸ்பெயின் மயமாகிவிட்டது. 1975-ல் உலக சாம்பியன் பட்டம் ஏற்பட்டபோது முதலில் அதை வாங்கிய மார்ட்டின் லாம்ப்கின் இங்கிலாந்துக்காரர். அவர் வண்டி புல்டாகோ. பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் தொழில் டிரையல்ஸில் தோற்றதால்தான் மூழ்கியது என்று சொன்னால் அது கதை கட்டுவதாகும். ஆனால் வீடு இடிந்து விழுவதற்கு முன்னால் எந்தச் சுவரில் முதல் விரிசல் கண்டது என்று கேட்டால், இந்தச் சுவரையும் காட்டலாம். புல்டாகோவும் சிரஞ்சீவியாக இருக்கவில்லை. 1980-களின் ஆரம்பத்தில் அந்த வாசலும் அடைபட்டது. பெயர்கள் கால் ஊன்றுவதும் வழுக்குவதும் சகஜம்.

பிரிட்டனில் ஒதுக்கப்பட்ட அந்தக் கனத்த வண்டிகள் என்ன ஆயின? கொட்டகையில் கிடந்தன, சொற்ப விலைக்குக் கைமாறின. பிறகு ஞாபகம் என்கிற சரக்குக்கு விலை ஏறியது. 1965-க்கு முந்திய வண்டிகளுக்கென்றே தனிப் போட்டிகள் ஏற்பட்டன. ஸ்காட்லாந்தில் கின்லாக்லெவன் என்ற ஊரில் அப்படி ஒன்று ஆண்டுதோறும் நடக்கிறது. இங்கே ஒரு தர்மசங்கடம். பழைய எஞ்சினை வைத்துக்கொண்டு, சட்டம், சக்கரம், ஃபோர்க் எல்லாவற்றையும் இந்தக் காலத்து லேசு உலோகத்தில் செய்து மாட்டினால் அது எந்த வருஷத்து வண்டி? சண்டை இன்னும் ஓயவில்லை. நம் கோயில் தேரில் ஒரு தலைமுறை சக்கரத்தை மாற்றுகிறது, அடுத்த தலைமுறை அச்சை மாற்றுகிறது. தேர் அதே தேர் என்று நாம் நிம்மதியாக வடம் பிடிக்கிறோம். ஆனால் தேரை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. வாங்குகிறவனுக்கு அந்த நிம்மதி கிடையாது.

டிரையல்ஸ் வண்டியைப் பழையதாக வாங்குவது பொதுவாகவே தனி வித்தை. இந்தக் காலத்து வண்டி எழுபது கிலோவை ஒட்டியது. உட்கார ஸீட் கிடையாது; நின்றுகொண்டே ஓட்டுகிறான். எத்தனை மைல் ஓடியது என்று சொல்லும் கருவியும் பெரும்பாலும் இராது. ஆகவே வண்டியின் உடம்பைத்தான் படிக்க வேண்டும். எஞ்சினுக்கு அடியில் உள்ள காப்புத் தகட்டைக் குனிந்து பார்த்தால், முந்திய சொந்தக்காரன் எத்தனை பாறையில் உட்கார்ந்தான் என்பது தெரியும். தகடு நசுங்குவது பரவாயில்லை, அதற்காகத்தான் அது இருக்கிறது. நசுங்கல் சட்டத்துக்கு ஏறியிருந்தால் கையை எடுத்துவிட வேண்டும். இந்த வண்டிகளின் டயரில் காற்றை மிகக் குறைவாக வைப்பார்கள். பின்டயருக்கு நாலு பவுண்டு போதும், அப்போதுதான் பாறையை அணைத்துப் பிடிக்கும். அதனால் கல்லின் அடி நேரே ரிம்மில் இறங்கும். ரிம்மையும் ஸ்போக்ஸையும் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஃபோர்க் தண்டில் எண்ணெய் கசிகிறதா, கால்மிதி பொருத்திய இடம் வளைந்திருக்கிறதா, கிளட்ச் விட்டுப் பிடிக்கும்போது இழுவை ஒரே சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிளட்ச்தான் இந்த ஓட்டத்தின் உயிர். கடைசியாக, சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயத்தைப் படித்தபோது எனக்குப் புதுப்பேட்டை பாயின் ஞாபகம் வந்தது. மில்லரின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் பார்ஸலோனாப் பண்ணையில் மில்லர் செய்ததும் தெருவோரத்தில் பாய் குந்தியதும் ஒரே காரியம். யந்திரம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை இருவரும் காதில் வாங்கவில்லை. அது பட்ட அடியைக் கேட்டார்கள். பெரிய ஸ்தாபனங்கள் டாங்கியில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த 'டக்' ஓசை அவர்களுக்குக் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து பாய் எனக்கு வேறொரு வண்டி பார்த்துக் கொடுத்தார். பெயிண்ட் உரிந்து, மட்கார்டு நெளிந்து, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. என் மனைவி அதை வாசலில் நிறுத்தக் கூடாது என்றாள். பின்சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை.