அயர்லாந்தின் சுண்ணாம்புக் காளவாய்கள்

சுண்ணாம்பு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன வெற்றிலைத் தட்டும் வெள்ளையடித்த சுவருமே. அயர்லாந்து நாட்டு உழவர்க்கோ அச்சொல் முதலில் வயலையே நினைவூட்டியது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அத்தீவின் சிற்றூர்களில் எழுந்த சுண்ணாம்புக் காளவாய்களின் வரலாறு, தமக்கு உரிமையில்லாத மண்ணைப் பாடுபட்டுத் திருத்திய மக்களின் வரலாறாகும்.

அயர்லாந்தில் மழை மிகுதி. ஓயாது பெய்யும் மழை மண்ணிலுள்ள சுண்ணச் சத்தைக் கரைத்துக் கொண்டு போய்விடும். மலைச்சரிவுகளிலும் சதுப்பு நிலங்களிலும் மண் புளித்துப் போகும். புளித்த மண்ணில் எரு இட்டாலும் பயிர் அதன் முழுப்பயனைப் பெறாது. அப்புளிப்பை முறிக்கும் மருந்து சுண்ணாம்பு. நாட்டின் நடுவேயுள்ள சமவெளி பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையின் மீதே அமைந்திருப்பதால் கல்லுக்குக் குறைவில்லை. ஆனால் அக்கல்லை மாவாக அரைக்கும் இயந்திரம் அக்கால உழவரிடம் இல்லை. எனவே அவர்கள் நெருப்பின் துணையை நாடினர்.

காளவாயின் அமைப்பு எளியது. மேட்டுச் சரிவைக் குடைந்து, கிணறுபோல் கல்லால் உட்சுவர் எழுப்புவர். மேட்டின்மீதுள்ள வாய் வழியே உடைத்த கல்லையும் எரிபொருளையும் அடுக்கடுக்காக இடுவர். அடியில், கல்வளைவின் கீழுள்ள சிறு துளை வழியே காற்று உட்புகும். வெந்த சுண்ணாம்பும் அவ்வழியே வெளிவரும். சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய பீட் என்னும் முற்றாக்கரியே பல ஊர்களில் எரிபொருள். கில்கெனி போன்ற பகுதிகளில் நிலக்கரித் தூளும் உதவியது. ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் கல் தன்னுள் இருக்கும் கரியமில வாயுவை விட்டுவிடும். 100 பங்கு தூய கல் 56 பங்கு சுட்ட சுண்ணாம்பாகும். நீர் பட்டதும் அது கொதித்துப் பூத்து நீறாகும். அந்நீற்றையே வயலெங்கும் இறைத்தனர். குளிருக்கு அஞ்சி, எரியும் காளவாயின் அருகே படுத்துறங்கிய வழிப்போக்கர் அதன் நச்சுக்காற்றால் மாண்டதும் உண்டு.

1776ஆம் ஆண்டில் அயர்லாந்தைச் சுற்றிப் பார்த்த ஆங்கில வேளாண் அறிஞர் ஆர்தர் யங், 1780இல் வெளியிட்ட பயண நூலில் சுண்ணாம்பிட்டு நிலம் திருத்தும் முறையைப் பல இடங்களில் குறித்துள்ளார். பின்னர், 1830களிலும் 1840களிலும் வெளிவந்த நில அளவைப் படங்களில் காளவாய்கள் ஆயிரக்கணக்கில் குறிக்கப்பட்டுள்ளன.

இவ்வளவு உழைப்பின் பயன் யாரைச் சேர்ந்தது? நிலம் நிலக்கிழாருடையது. உழவரிற் பலர் எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படக்கூடிய குத்தகைக்காரர். கல்லுடைத்து, கரி சுமந்து, நீறிட்டுத் தரிசை விளைநிலமாக்கினால், விளைச்சலோடு குத்தகையும் உயரக்கூடும். நிலத்தைவிட்டு நீக்கப்பட்டால், அல்ஸ்டர் போன்ற பகுதிகளில் நிலவிய வழக்கத்தைத் தவிர, இழப்பீடு கேட்க இடமில்லை. திருத்திய உழவனுக்கு இழப்பீடு தேவை என 1845இல் அறிக்கை தந்த டெவன் ஆணையம் பரிந்துரைத்தது. அது அப்போது சட்டமாகவில்லை.

அதே 1845இல் உருளைக்கிழங்கைக் கருகல் நோய் தாக்கியது. 1841இல் சுமார் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை, பஞ்சத்தாலும் நாடுவிட்டு வெளியேறியதாலும் 1851இல் சுமார் 65 லட்சமாகக் குறைந்தது. பின்னாளில் அந்நோய்க்குக் கண்ட மருந்துகளுள் ஒன்று, மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்த போர்டோக் கலவை. பிரெஞ்சு நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் அது உருவானது 1880களில்தான். மருந்தின் ஒரு பாதி உழவனின் காளவாயிலேயே இருந்தது. அதை அறியும் வழிதான் அன்று இல்லை.

1870ஆம் ஆண்டுச் சட்டம் உழவன் செய்த திருத்தங்களுக்கு இழப்பீடு அளித்தது. 1881ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமான குத்தகைக்கு வழி வகுத்தது. 1903ஆம் ஆண்டுச் சட்டத்தால் உழவர் பெருந்தொகையினராய் நிலத்தை விலைக்கு வாங்கி உரிமையாளராயினர். இருபதாம் நூற்றாண்டில் இயந்திரத்தில் அரைத்த சுண்ணாம்புக்கல் பரவவே, காளவாய்கள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்தன.

இன்று அவற்றுட் பல கொடி படர்ந்து சிதைந்து நிற்கின்றன. அவற்றைக் கட்டியவர் பெயர் பெரும்பாலும் எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை. எனினும் ஒரு காலத்தில் தரிசாய்க் கிடந்து இன்று பசுமை போர்த்திய மலைச்சரிவுகள் அவர்தம் உழைப்புக்குச் சான்று பகர்கின்றன. மண்ணைத் திருத்தியவனுக்கு அம்மண் உரியதாவதற்குத் தலைமுறைகள் பல கழிய வேண்டியிருந்தது என்பதே அக்காளவாய்கள் நமக்கு உணர்த்தும் செய்தியாகும்.