ஐந்தில் இரண்டு பங்கு: தோல் மண்டலமும் சிறார் நாவலின் துயரமும்

எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வாசகருக்கான நாவலில் சாவு வரும்போது, துயரத்தைச் சுமப்பது பேச்சை விடவும் ஒரு பொருள்தான். ‘டோட்டோ-சான்’ நினைவுநூலில் (1981) இளம்பிள்ளை வாதம் தாக்கிய தோழன் யசுவாகி சாகுமுன் இரவல் கொடுத்த புத்தகம், திருப்பித் தர ஆளில்லாமல் சிறுமியிடமே தங்கிவிடுகிறது. விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1929) குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பும் வேளையில், இறந்துபோன அக்கா துர்க்கா திருடி ஒளித்திருந்த பொன் குங்குமச் சிமிழ் அப்புவின் கையில் அகப்படுகிறது. அவன் யாரிடமும் சொல்லாமல் அதை மூங்கில் புதருக்குள் வீசிவிடுகிறான். அக்காவின் களவை மறைப்பதே அவன் செய்யும் கருமாதி. பெரியவர்களுக்கென எழுதப்பட்ட இந்நாவலின் சிறுவர் பதிப்புக்குச் சத்யஜித் ராய் படம் வரைந்தார்.

சாவு மீளாதது, எல்லாருக்கும் உரியது என்பது ஒன்பது வயதையொட்டியே பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது என்று மரியா நாஜி 1948-இல் ஹங்கேரியச் சிறாரை ஆராய்ந்து எழுதினார். பின்வந்தோர் அவ்வயதை இன்னும் குறைத்தனர். எப்படியாயினும் இவ்வகை நாவலின் வாசகர் அந்த வாசற்படியை அப்போதுதான் தாண்டியவர்.

தமிழில் இரா. நடராசனின் ‘ஆயிஷா’ பள்ளிப் பிள்ளைகள் கைக்குப் பரவலாகப் போன நூல். ஆனால் அதில் சாவது சிறுமி. துக்கமும் குற்றவுணர்வும் ஆசிரியைக்கு. பக்கத்து இருக்கைத் தோழிக்கு என்ன ஆயிற்று என்பதற்கு அங்கே இடமில்லை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை அடங்கிய தோல் பதனிடும் மண்டலத்தில் அந்தத் தோழியின் இடத்தில் நின்று பார்த்தால், பொருளுக்குப் பதில் ஒரு வாடை இருக்கிறது. முடி உதிர்க்கத் தோலைச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த நீரில் ஊறவைப்பார்கள். டேனரியிலிருந்து வரும் அப்பாவின் சட்டையில் அந்த வாடை ஒட்டிக்கொண்டே வரும்; எத்தனை சோப்புப் போட்டாலும் முழுக்கப் போகாது. அதே சல்ஃபைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு. கழிவுத் தொட்டி சுத்தம் செய்ய இறங்குவோரைக் கொல்வது அதுதான். செறிவு ஏறினால் மூக்கு மரத்து, வாடையே தெரியாமல் போகும். பிள்ளைக்கு அப்பா என்பதன் மணமும் அவர் உயிரைக் குடிக்கக்கூடியதும் ஒன்றாயிருப்பதை, எந்த நாவலாசிரியரும் கற்பனையில் இவ்வளவு கச்சிதமாக அமைத்திருக்க முடியாது.

சடங்கு பிள்ளைக்கு ஒரு நாள் வேலை தருகிறது: தாத்தா செத்தால் பேரன் நெய்ப்பந்தம் பிடிப்பான், அப்பா செத்தால் மகன் கொள்ளி வைப்பான். நாவல் தொடங்க வேண்டியது மறுநாள், காகிதங்கள் வரும்போது. வேலையில் நேர்ந்த சாவுக்கு தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் (ஈ.எஸ்.ஐ.) சட்டம் (1948) வகுத்த சார்ந்தோர் உதவித்தொகையில் விதவைக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைக்கு ஐந்தில் இரண்டு. பிள்ளைகள் கூடினால் விகிதம் சுருங்கும். தம்பி பிறந்ததால் தன் பங்கு குறைந்தது என்று கணக்குப் போடத் தெரிந்த வயதுதான் அது.

2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர் இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர். ‘பதேர் பாஞ்சாலி’யில் வெளியூர் சென்ற அப்பா ஹரிஹர், மகள் செத்தது தெரியாமல் அவளுக்குத் துணி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். ராணிப்பேட்டையிலிருந்து அப்புவின் மாநிலத்துக்குப் போனதோ அப்பாக்கள் செத்த சேதி. தோல் மண்டலத்தின் துயரத்தைத் தமிழில் எழுதப்போகும் சிறார் நாவலின் கதையில் ஒரு பாதி வங்காளத்தில், வங்க மொழி பேசும் வீடுகளில் நடந்திருக்கிறது.