அடிஷம் பங்களாவின் புகைபோக்கிகள்

அப்புத்தளை டவுனிலிருந்து மேற்கே மூன்று கிலோமீட்டர் போனால், தங்கமலைக் காட்டோரத்தில் அடிஷம் பங்களா. 1931இல் கட்டியது. ஆனா பார்க்கிறவர்கள் நானூறு வருஷப் பழசு என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைக்கணும் என்றே கட்டியிருக்கிறார்கள்.

கட்டுவித்தவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ். ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் தலைவர், பிரிட்டிஷ் பிரதமராயிருந்த ஜோன் ரஸல் பிரபுவின் பேரன். இங்கிலாந்தில் கென்ட் பகுதியிலுள்ள அடிஷம் அவர் பிறந்த கிராமம். அதே கென்ட்டின் லீட்ஸ் கோட்டையைப் பார்த்து இந்த வீட்டைக் கட்டினார் என்பார்கள். அந்தக் கோட்டை ஏரி நடுவே நிற்கிறது. இங்கே ஏது ஏரி? சுத்திவர மலைச்சரிவும் தேயிலையும்தான்.

செதுக்கிய கருங்கல்லில் தடித்த சுவர்கள். கோபுரத்தில் நீண்டு ஒடுங்கிய ஜன்னல்கள். கதவு, தரை, படிக்கட்டு, கூரை ஓடு வரைக்கும் பர்மா தேக்கு. டியூடர், ஜேக்கபியன் பாணி என்கிறார்கள். அதாவது 16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சாயல். துரைமார் தங்கள் ஊரைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, அதனால கல்லில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் கண் நின்றது உயரமான புகைபோக்கிகளில். அப்புத்தளை 4,500 அடிக்கு மேல இருக்கிற ஊர், ராவில குளிர் எலும்பைத் தொடும். வீட்டுக்குள்ளே கணப்பு, புகை வெளியே போக வழி. நியாயமான ஏற்பாடுதான்.

அதே குளிர் லயத்துக்கும் உண்டே! பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால ஒரு இஸ்தோப்பு, மேலே தகரம். முதுகோடு முதுகு ஒட்டிய லயமென்றால் பின்பக்கம் ஜன்னலே இராது. விறகு அடுப்புப் புகைக்குப் போக்கிடம் இல்லை. சுவர் கறுத்து, கண் எரிந்து, இருமலோடு வளர்ந்த தலைமுறைகள் எத்தனை. கட்டடக்கலை என்றால் கோபுரமும் தேக்கும் மட்டுமா? லயமும் யாரோ அளந்து, செலவு பார்த்து, வரைந்து கட்டியதுதானே. பங்களாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஏனோ எழுதுவதில்லை.

இடத்தேர்விலும் அதே கதை. 2014 ஒக்டோபர் 29 காலை, இதே பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை ஆட்களோடு மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருஷம் முன்பே எச்சரித்திருந்தார்கள். மாற்றுக் காணியும் வீடும் கையில் இல்லாத குடும்பங்கள் எங்கே போவது?

அடிஷம் 1960களின் தொடக்கத்தில் கத்தோலிக்கத் துறவிகளின் கைக்கு வந்தது. இன்று அது புனித பெனடிக்ட் மடம். சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் உள்ளே விடுவார்கள், மடத்தில் செய்த ஜாமும் வாங்கலாம். போனால் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்க: கல் ஒவ்வொன்றையும் ஒரு கை செதுக்கியிருக்கிறது. வில்லியர்ஸின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கைகளின் பெயரை எந்த வழிகாட்டியும் சொல்வதில்லை.