கர்ப்பகால நீரிழிவைக் கண்காணிக்கும் இரத்தக் குறியீடுகள்

கருவுற்ற பெண்ணின் இரத்தத்தில் கடந்த சில வாரங்களாகச் சர்க்கரை எந்த அளவில் இருந்தது என்பதை, இரத்தப் புரதங்களில் படிந்துள்ள சர்க்கரையைக் கொண்டு அறிய உதவும் ஆய்வக அளவீடுகள் இவை. இந்நீரிழிவைக் கண்டறியும் சோதனை வேறு; அதில் தமிழ்நாட்டின் பங்கு பெரிது. வேளை பார்க்காமல் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 2 மணி நேரங்கழித்து இரத்தச் சர்க்கரை ஒரு டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு எனக் கொள்ளும் முறையைச் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா பரப்பினார்; மாநில அரசு 2007இல் கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது.

மக்கள் 'மூன்று மாதச் சர்க்கரை' என்றழைக்கும் எச்பிஏ1சி, சிவப்பணுவிலுள்ள ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கும் விழுக்காடாகும். ஏறத்தாழ 120 நாள் வாழும் சிவப்பணுவின் ஆயுள் கர்ப்பத்தில் குறைந்து, புதிய அணுக்கள் பெருகுவதால், சர்க்கரை மாறாதிருந்தும் இம்மதிப்பு தாழ்கிறது. இரும்புச்சத்துக் குறைவோ, மாறாக, அதை உயர்த்திக் காட்டுகிறது. இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு கூறுவதால், இது ஏட்டளவிலான ஐயமன்று. சேலம் அம்மாபேட்டை போன்ற நெசவுப் பகுதியில் இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்ளத் தொடங்கிய ஒரு கர்ப்பிணியின் எச்பிஏ1சி இறங்கினால், அது சர்க்கரை அடங்கியதால் மட்டுமே நேர்ந்தது எனக் கொள்வது பிழையாகிவிடும். எனினும் கருத்தரிப்பதற்கு முன்னும் முதல் மூன்று மாதங்களிலும் இதன் பயன் பெரிது. சிசுவின் உறுப்புகள் உருவாகும் அவ்வாரங்களில் சர்க்கரை மிகுந்திருந்தால் பிறவிக் குறைபாடு நேரும் வாய்ப்பு கூடும் என்பதை இது முன்கூட்டியே உணர்த்துகிறது. தொடக்கத்திலேயே 6.5 விழுக்காடோ அதற்கு மேலோ இருப்பின், நீரிழிவு கர்ப்பத்துக்கு முன்பே இருந்ததெனக் கருதப்படும்.

சர்க்கரை ஒட்டிய இரத்தநீர்ப் புரதங்களின் அளவான பிரக்டோசமைனும், சர்க்கரையேறிய ஆல்புமினும் இரண்டு மூன்று வார நிலையையே காட்டுவதால், மருந்தின் அளவு மாற்றப்பட்டதன் விளைவை விரைவில் அறிவிக்கின்றன. கர்ப்பத்தில் இரத்தம் நீர்த்து ஆல்புமின் குறைவது பிரக்டோசமைனைத் தாழ்த்தும். மற்றது மொத்த ஆல்புமினில் விழுக்காடாகக் கணக்கிடப்படுவதால் இப்பாதிப்பு அதற்குக் குறைவு. சிறுநீரில் புரதம் வெளியேறும் கர்ப்பகால நச்சுநிலையில் இரண்டையும் எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும்.

ஆகவே அன்றாடச் சிகிச்சை, உணவுக்கு 2 மணி நேரத்துக்குப் பின் சர்க்கரையை 120 மில்லிகிராமுக்குள் நிறுத்துவதையே இலக்காகக் கொள்கிறது. பேற்றின்போது ஏற்படும் குருதியிழப்பும் எச்பிஏ1சியைத் திரிப்பதால், 6 வாரங்களுக்குப் பின் தாய்க்கு மீண்டும் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையே செய்யப்படுகிறது.