கடைவீதியும் குடியிருப்பும்

வீட்டைத் தேடுமுன் அண்டை வீட்டாரைத் தேடு என்பது அரபு மக்களிடையே வழங்கும் பழமொழி. ‘அல்ஜார் கப்லத் தார்’ என்னும் இச்சொற்களை மதரஸாவின் கீழ் வகுப்பு மாணவரும் அறிவர். வீடு பார்க்கப் புறப்படும் நம் குடும்பத்தார் இதனை மறப்பதில்லை. பள்ளிவாசல் அருகில் உண்டா, அக்கம் பக்கத்தார் நல்லவரா, தண்ணீர் வசதி எப்படி என்று கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுக்கின்றனர். ஆனால் நான்காவது கேள்வி ஒன்றுண்டு. அன்றாடம் அடுப்பில் ஏற வேண்டிய பொருள்கள் எங்கிருந்து வரும்? காய்கறியும் மீனும் இறைச்சியும் மாவும் விற்கும் கடைவீதி எத்தனை தூரம்? இதனைப் பெண்களின் கவலை என்று ஆடவர் பலர் ஒதுக்கிவிடுகின்றனர். இஸ்லாமிய வரலாற்றின் பெருநகரங்களோ இந்தக் கேள்வியின் மீதே எழுந்தன. இதனைப் புறக்கணித்த இடங்கள் தேய்ந்தும் போயின.

மதீனாவிலிருந்து தொடங்குவோம். மக்காவைத் துறந்து வெறுங்கையராய் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்குத் தம் செல்வத்தில் பாதியை அளிக்க முன்வந்தார் அன்சாரித் தோழர் ஸஅது இப்னு ரபீஉ (ரலி). வந்தவரோ அவருக்காக இறைவனிடம் நல்லருள் வேண்டிவிட்டு, கடைவீதிக்கு வழி எது என்று மட்டும் கேட்டார். கைனுகா சந்தையைக் காட்டினார்கள். அங்கே வாங்கி விற்றுச் சிறிது பாலாடைக் கட்டியும் நெய்யும் இலாபமாகக் கொண்டு திரும்பினார் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. புதிய ஊரில் காலூன்ற வந்தவர் முதலில் விசாரித்த இடம் சந்தை. முதல் ஊதியமாகக் கிடைத்ததும் உணவுப் பொருளே.

பின்னர் முஸ்லிம்களுக்கெனத் தனிச் சந்தை அமைந்தபோது அதில் வரி வாங்கப்படவில்லை. இன்னாருக்கு இன்ன இடம் என்ற நிலையான உரிமையும் கிடையாது. காலையில் முந்தி வந்தவர் மாலை வரை அவ்விடத்திலிருந்து விற்கலாம். மறுநாள் அது பிறருக்கு. ஊருக்கு வெளியே சென்று வணிகக் கூட்டத்தை வழிமறித்து மொத்தமாக வாங்குவதும், விலை ஏறட்டும் என்று தானியத்தைப் பதுக்குவதும் தடுக்கப்பட்டன. பொருள் சந்தைக்கு வந்து சேர வேண்டும், வந்த பொருளின் விலை எல்லார் கண் முன்னும் அமைய வேண்டும் என்பதே இவ்விதிகளின் கருத்து.

இனி பக்தாது. அப்பாஸியக் கலீஃபா அபூ ஜஅஃபர் மன்ஸூர் தமது தலைநகருக்கு இடம் தேடி திஜ்லா நதிக்கரை நெடுகிலும் ஆட்களை அனுப்பினார். ஹிஜ்ரி 145இல், அதாவது கி.பி. 762இல், அவர் தேர்ந்த இடம் முற்றிலும் வெறுங்காடன்று. எதிர்க் கரையில் ‘செவ்வாய்ச் சந்தை’ என்றே பெயர் பெற்ற சிற்றூர் இருந்தது. இப்பக்கம் கர்க் என்னும் ஊர் இருந்தது. அவ்விடத்தின் சிறப்பாக அப்பகுதிக் குடித்தலைவர் ஒருவர் எடுத்துரைத்தவற்றை வரலாற்றாசிரியர் தபரீ பதிந்திருக்கிறார். அவற்றில் பெரும்பகுதி உணவைப் பற்றியது. ஷாம், மிஸ்ர் நாட்டுப் பொருள்கள் புராத் நதி வழியே வரும். பஸரா, வாஸித், இந்தியா, சீனா ஆகிய இடங்களின் சரக்குகள் திஜ்லாவில் எதிரேறி வரும். ஆர்மீனியாவின் பண்டங்கள் மௌஸில் வழியே ஆற்றோடு இறங்கும். ஒரு பக்கம் வறண்டால் மறு பக்கம் கைகொடுக்கும் என்பதே அவர் வாதம். படை வலிமையையும் அகழியையும் எண்ணிய அரசர், அவற்றோடு ரொட்டியையும் எண்ணினார்.

நகரம் வட்டமாக எழுந்தது. கூஃபா, பஸரா, குராஸான், ஷாம் என்னும் நான்கு வாயில்கள். நடுவே பச்சைக் கவிகை வேய்ந்த அரண்மனை. அதனை ஒட்டிப் பெரிய பள்ளிவாசல். வாயில்களிலிருந்து உள்ளே செல்லும் வளைவு மண்டபங்களில் கடைகள் அமைந்தன. உள்ளே குடியிருந்தவர் சில அடி நடந்தால் வேண்டியதை வாங்கலாம். ஆனால் இந்த ஏற்பாடு ஏறத்தாழ 11 ஆண்டுகளே நிலைத்தது.

அதன் முடிவுக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. ரோமப் பேரரசின் தூதர் ஒருவர் நகரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் அழகு, ஆயினும் உம்முடைய பகைவர் உம்மோடு கோட்டைக்குள்ளேயே இருக்கின்றனர் என்று கடைவீதியைச் சுட்டினாராம். வணிகர் வேடத்தில் ஒற்றர் எவரும் வரலாம் அல்லவா? கடைவீதியைக் கண்காணிக்க வேண்டிய அதிகாரி ஒருவரே கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்து மக்களைத் தூண்டினார் என்பது மற்றொரு செய்தி. அடுப்புப் புகை சுவர்களைக் கறுப்பாக்கியது என்பாரும் உண்டு. எதுவாயினும், ஹிஜ்ரி 157இல் (கி.பி. 773–774) கடைகள் அனைத்தும் மதிலுக்கு வெளியே கர்க் பகுதிக்கு மாற்றப்பட்டன.

மன்ஸூர் ஒரு துணியை விரித்து, அதில் ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய வீதியைத் தாமே வரைந்து காட்டினார் என்றும், கையில் கூரிய ஆயுதம் ஏந்தியவர்கள் என்பதால் கசாப்புக் கடைகளைக் கடைசியில் வைக்கச் சொன்னார் என்றும் கதீப் பக்தாதீ எழுதுகிறார். கடைக்காரர் ஜும்ஆவுக்கும் மதிலுக்குள் வர வேண்டியதில்லை என்று அங்கேயே ஒரு பள்ளிவாசலும் கட்டப்பட்டது. வட்ட நகரின் நான்கு பகுதிகளிலும் பகுதிக்கு ஒருவராகக் கீரையும் காடியும் மட்டும் விற்கும் நால்வரே விடப்பட்டனர் என்று கூறப்படுகிறது.

இந்த மாற்றம் யாரைத் தொட்டது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். களஞ்சியமும் கழுதையும் ஏவலாளும் உடைய செல்வருக்குச் சந்தை அரைக் காதம் தள்ளிப் போனால் என்ன? மாதத்துக்கு ஒருமுறை மூட்டையாக வாங்கிக் கொள்வார். அன்றன்று கூலி வாங்கி அன்றன்று மாவு வாங்குபவருக்கும், கைம்பெண்ணுக்கும், முதியவருக்கும், கல்வி நாடி வந்த ஏழை மாணவருக்கும் கடைவீதியின் தூரமே பொருளின் விலையாகும். ஆகவே மக்கள் கடையைத் தொடர்ந்து சென்றார்கள்.

கர்க் வளர்ந்தது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய யஅகூபீ, அதன் நீளம் இரண்டு பர்ஸக், அகலம் ஒரு பர்ஸக் என்கிறார். ஒரு பர்ஸக் மூன்று மைலுக்குச் சற்று மேற்பட்டது. ஒவ்வொரு வணிகத்துக்கும் தனித்தனி வீதி. ஒரு சரக்கோடு மற்றொன்று கலப்பதில்லை. ரக்காவிலிருந்து மாவு ஏற்றிய பெரும் படகுகள் ஈஸா கால்வாய் வழியே கர்க் துறைக்கே வந்து நின்றன. கால்வாய்களின் பெயர்களைக் கேட்டாலே பசி எடுக்கும். கோழி விற்பவர் இருந்த இடம் நஹ்ருத் தஜாஜ், அதாவது கோழிக் கால்வாய். பொரித்த பண்டம் விற்போர் இருந்த இடம் நஹ்ருல் கல்லாஈன். பழச் சந்தைக்கு முலாம்பழ மாளிகை என்னும் பொருள்பட தாருல் பித்தீக் என்று பெயர். பெயர்தான் முலாம்பழத்துக்கு, விற்றதோ எல்லாப் பழங்களும். குவாரிஸ்மிலிருந்து பனிக்கட்டி பொதிந்த ஈயப் பெட்டிகளில் முலாம்பழங்கள் கலீஃபா மஃமூனின் அரண்மனைக்கு வந்ததாக ஸஆலிபீ எழுதுகிறார். பத்தாம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் வர்ராக் தொகுத்த சமையல் நூலும், 1226இல் முஹம்மது இப்னு ஹஸன் பக்தாதீ எழுதிய சமையல் நூலும் இத்தகைய சந்தைகள் இல்லாமல் பிறந்திருக்க முடியாது.

மன்ஸூரும் வட்ட நகரில் நிலைக்கவில்லை. கடைகளை வெளியேற்றிய காலத்தை ஒட்டியே திஜ்லாக் கரையில் ‘குல்து’ என்னும் புதிய அரண்மனையைக் கட்டி மதிலுக்கு வெளியே வந்தார், 775இல் மறைந்தார். பச்சைக் கவிகை ஹிஜ்ரி 329இல் (கி.பி. 941) புயல் மழை இரவொன்றில் சரிந்தது. இன்று அவ்வட்ட நகரின் சுவரோ வாயிலோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. கர்க் கலகங்களிலும் தீயிலும் பன்முறை அழிந்தது. அழிந்த போதெல்லாம் மக்கள் அங்கேயே மீண்டும் கடை விரித்தனர். இன்றும் பக்தாதின் மேற்குப் பாதிக்குப் பெயர் கர்க் என்பதே.

இதே சோதனை மிஸ்ரிலும் நடந்தது. அம்ரு இப்னு ஆஸ் (ரலி) அவர்கள் ஏறத்தாழ 641இல் நிறுவிய ஃபுஸ்தாத் மக்களின் நகரம். 969இல் ஃபாத்திமியத் தளபதி ஜவ்ஹர் அதற்கு வடக்கே எழுப்பிய அல்காஹிரா, கலீஃபாவும் படையும் வாழ்வதற்கான மதில் சூழ்ந்த நகரம். 1047இல் அங்கு வந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரூ, அல்காஹிராவில் 20,000 கடைகள் இருந்ததாகவும் அவை அனைத்தும் அரசருக்கே உரிமையாகி வாடகைக்கு விடப்பட்டதாகவும் எழுதுகிறார். ஆயினும் அவர் வியந்து நின்ற இடம் ஃபுஸ்தாதில், அம்ரு பள்ளிவாசலை அடுத்திருந்த விளக்குச் சந்தையே.

ஆரஞ்சு, ஆப்பிள், முலாம்பழம், வாழை, திராட்சை, புதுப் பேரீச்சை, கரும்பு, கத்தரி, சுரை, வெள்ளரி, வெங்காயம், பூண்டு, காரட் எனப் பல பருவங்களுக்குரிய பொருள்களை ஒரே குளிர்கால நாளில் அங்கு ஒருசேரக் கண்டதாக அவர் பட்டியல் இடுகிறார். வாங்குபவர் பாத்திரம் கொண்டு வர வேண்டியதில்லை; கண்ணாடியிலோ மண் கலத்திலோ காகிதத்திலோ கடைக்காரரே பொதிந்து கொடுப்பார். பொய் சொல்லி ஏமாற்றியவரை ஒட்டகத்தில் ஏற்றி, கையில் மணி கொடுத்து, ஊரைச் சுற்ற வைப்பார்கள். ஏழு முதல் பதினான்கு அடுக்கு வரை உயர்ந்த வீடுகள் அங்கிருந்ததாகவும் அவர் சொல்கிறார். கனீஸா ஏடுகள் என வழங்கும் ஃபுஸ்தாத் யூத வணிகரின் கடிதங்களை ஆராய்ந்தோர், அந்நகரக் குடும்பங்கள் சமைத்த உணவையே கடைவீதியில் பெரிதும் வாங்கி உண்டன என்று காட்டியுள்ளனர். விறகு அருமையான ஊரில், நல்ல கடைவீதியே பல வீடுகளுக்குப் பொது அடுக்களை.

1168இல் சிலுவைப் படை நெருங்கியபோது அமைச்சர் ஷாவர் ஃபுஸ்தாதைக் கொளுத்தச் சொன்னார். 54 நாட்கள் எரிந்தது என்று மக்ரீஸீ எழுதுகிறார். மக்கள் அல்காஹிராவுக்குப் பெயர்ந்தனர்; ஸலாஹுத்தீன் ஆட்சியில் அரச நகரம் பொதுமக்களின் நகரமாயிற்று. இரண்டு அரண்மனைகளுக்கு இடையே படை அணிவகுத்த பைனல் கஸ்ரைன் திடல், இறைச்சியும் பழமும் இனிப்பும் விற்கும் கடைவீதியாக மாறியதை அதே மக்ரீஸீ விரிவாகச் சொல்கிறார். பக்தாதில் மக்கள் கடையைத் தேடிச் சென்றனர். இங்கோ கடைவீதி அரண்மனை முற்றத்துக்கே வந்துவிட்டது.

கடைவீதி அருகில் இருந்தால் மட்டும் போதுமா? அது நல்ல கடைவீதியாகவும் இருத்தல் வேண்டும். முஹ்தஸிப் என்னும் சந்தைக் கண்காணிப்பாளர் பதவி இதற்கென்றே ஏற்பட்டது. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் ஷைஸரீ அப்பதவியில் அமர்வோருக்கென எழுதிய நூலின் விதிகள் இன்றும் படிக்கத் தக்கவை. மாவு பிசைபவர் காலால் மிதிக்கக் கூடாது; தும்மலும் எச்சிலும் மாவில் விழாதபடி வாயை மூடிக் கட்ட வேண்டும்; வியர்வை சொட்டாதபடி நெற்றியில் துணி கட்ட வேண்டும்; பகலில் ஈ ஓட்ட ஓர் ஆள் நிற்க வேண்டும். இறைச்சி வெட்டும் கட்டையை நாய் நக்காதபடி இரவில் உப்புத் தூவி மூட வேண்டும். வீடு தேடுபவர் ஒரு தெருவை மதிப்பிட விரும்பினால், இவ்விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு அங்குள்ள கடைகளை ஒருமுறை சுற்றி வந்தாலே போதும்.

ஓர் ஐயம் எழலாம். ஊர்களில் இறைவனுக்கு மிக உவப்பான இடங்கள் பள்ளிவாசல்கள், மிக வெறுப்பானவை சந்தைகள் என்று ஹதீஸில் வந்திருக்க, சந்தையின் அருகே குடியிருக்க நாடுவது தகுமா? அந்த வெறுப்பு பொய்ச் சத்தியத்துக்கும், மோசடிக்கும், இறைவனை மறந்த ஆரவாரத்துக்கும் உரியது என்று விரிவுரையாளர் விளக்குவர்; விற்றல் வாங்கலுக்கு உரியதன்று. உணவு உண்டு, கடைவீதிகளில் நடமாடும் இவர் எப்படி இறைத்தூதராவார் என்று மக்காவாசிகள் ஏளனம் செய்தபோது, முன் வந்த தூதர்களும் உண்டார்கள், கடைவீதிகளில் நடந்தார்கள் என்றே ஃபுர்கான் அத்தியாயம் மறுமொழி தருகிறது. உணவும் கடைவீதியும் அங்கே சேர்த்தே பேசப்படுவது நோக்கத்தக்கது.

இரைச்சலுக்கும் புகைக்கும் நம் முன்னோர் ஒரு வழி கண்டிருந்தனர். பெருவீதியில் கடை, அதிலிருந்து பிரியும் சந்துகளின் உள்ளே வீடு. ‘தர்பு’, ‘ஹாரா’ எனப்பட்ட அச்சந்துகளுக்கு இரவில் சாத்தும் கதவும் உண்டு. கடைவீதியின் மீதே குடியிராமல், அதை விட்டு அகன்றும் போகாமல், கூடையோடு நடந்து போய் வரும் தூரத்தில் அவர்கள் வாழ்ந்தனர்.

இன்று நகருக்கு வெளியே மனைகள் மலிவாகக் கிடைக்கின்றன. காற்றும் வெளிச்சமும் தாராளம். அவ்விடம் வீடு கட்ட எண்ணும் குடும்பத்தார் மனையின் விலையோடு ஒன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். வாகனம் ஓட்டும் மகன் வெளியூர் சென்றிருக்கும் நாளில், வயது முதிர்ந்த தாய் தாமே நடந்து போய் ஒரு கட்டுக் கீரையும் கால் கிலோ மீனும் வாங்கி வர இயலுமா என்பதே அது.