மாட்டுவண்டி முதல் கொள்கலன் லோரி வரை

நம் முன்னோரின் மலாயா வாழ்க்கையை எழுதுவோர் பால்மரத்தையும் இரயில் தண்டவாளத்தையும் மறவாமல் எழுதுகின்றனர். வண்டியோட்டிகளைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும், படிவம் ஐந்தை முடித்த நம் மாணவர் பலர் இன்று நாடிச் செல்வது லோரி ஓட்டும் தொழிலைத்தான். "சார், எந்தக் கம்பெனியில சேந்தா நல்லது?" என்று முன்னாள் மாணவர்கள் கேட்டு வந்ததால் இத்தொழிலின் வரலாற்றைத் தேடலானேன். ஓட்டுநர் எதை ஓட்டினார் என்பதைவிட, எதைக் கணக்கிட்டு அவருக்குக் கூலி தரப்பட்டது என்பதே அவருடைய குடும்பத்தின் நிலையைத் தீர்மானித்திருக்கிறது.

இந்நாட்டின் முதல் இரயில் பாதை 1885-ஆம் ஆண்டில் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே திறக்கப்பட்டது. அதற்கு முன்பும், பாதை எட்டாத இடங்களில் அதற்குப் பின்பும் மாட்டுவண்டி சரக்குச் சுமந்தது. சிங்கப்பூரின் 'கிரேத்தா ஆயர்' என்னும் பெயர் மலாயில் தண்ணீர் வண்டியைக் குறிப்பதாகும். சிராங்கூன் வட்டாரத்தில் நடந்த கால்நடை வாணிபத்தைப் 'பஃபலோ ரோடு' இன்றும் நினைவூட்டுகிறது. இத்தொழில்களில் நம்மவர் நிறைந்திருந்தனர். சொந்த வண்டி வைத்திருந்தவன் தனக்குத் தானே முதலாளி. ஆனால் மாடு நோயுற்றுப் படுத்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

இரப்பர்த் தோட்டங்களுக்கு மோட்டார் லோரி வந்த பின்னர், தோட்ட ஓட்டுநர் என்னும் புதிய மனிதர் தோன்றினார். லயத்தில் அவருக்குத் தனி மதிப்பு. பாலைத் தொழிற்சாலைக்குக் கொண்டு செல்வார்; கடைக்கு அரிசி மூட்டை ஏற்றி வருவார்; பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை நள்ளிரவில் பட்டணத்து மருத்துவமனையில் சேர்ப்பார்; தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளைகளை இடைநிலைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வார். (தார்ப்பாய்க்கு அடியில் புத்தகப் பையை அணைத்தபடி அவ்வாறு பயணம் செய்த பெற்றோர் சிலர் இதைப் படிக்கக்கூடும்.) அவருக்குத் தோட்ட நிர்வாகம் சம்பளம் தந்தது, வீடும் தந்தது. 1951-ஆம் ஆண்டின் ஊழியர் சேமநிதிச் சட்டமும், 1954-இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் தோட்டத் தொழிலாளரின் வாழ்வுக்கு ஓரளவு காப்பளித்தன. எனினும், வேலையோடு வீடு பிணைக்கப்பட்டிருந்தது. தோட்டம் கைமாறினால் இரண்டும் போய்விடும்.

தோட்டங்கள் கைமாறவும் செய்தன. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த தோட்டத் துண்டாடலை உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து எழுதினார். துண்டாடலை எதிர்கொள்ளவே துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1968-இல் இயற்றப்பட்ட சட்டம், குடியுரிமை இல்லாதோர் வேலை அனுமதி பெறவேண்டும் என்றது. பல்லாயிரவர் இந்தியா திரும்பினர். பின்னர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறியபோது, இளைஞர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு வந்து சேர்ந்தனர். உரிமம் இல்லாதவன் முதலில் 'கெலின்டான்', அதாவது லோரி உதவியாளாக ஏறுவான். ஓட்டுநரைப் பார்த்துத் தொழில் பழகுவான்.

அவர்கள் வந்த காலம் கொள்கலன்களின் காலம். போர்ட் சுவெட்டன்ஹாம் 1972-இல் கிள்ளான் துறைமுகமாகப் பெயர் மாறியது. மறு ஆண்டே அங்குக் கொள்கலன் முனையம் இயங்கத் தொடங்கியது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டதும் தொலைதூர ஓட்டம் எளிதாயிற்று. ஓட்டம் கூடக்கூட 'டிரிப்' கணக்குக் கூலி வேரூன்றியது. அடிப்படைச் சம்பளம் சிறியது. மீதமெல்லாம் டிரிப் பணம். என் பார்வையில், மாட்டுவண்டிக்காரனின் கூலி முறைதான் இது. வண்டி மட்டும் இப்போது முதலாளியுடையது!

இன்று கனரக லோரி ஓட்ட 'இ' வகுப்பு உரிமமும், ஜி.டி.எல். எனப்படும் சரக்கு வாகன ஓட்டுநர் உரிமமும் வேண்டும். அவற்றைப் பெற்றவன் முன் பல வழிகள் உள்ளன. பிறர் சரக்கை வாடகைக்கு ஏற்றும் நிறுவனத்தின் லோரிக்கு 'ஏ' வகை அனுமதியும், தன் சொந்தச் சரக்கை ஏற்றும் நிறுவனத்தின் லோரிக்கு 'சி' வகை அனுமதியும் உண்டு. தொழிற்சாலைக்கோ கடைக்கோ உரிய 'சி' லோரியில் பெரும்பாலும் வரும்படி குறைவு. ஆனால் வழித்தடம் தெரிந்தது, இரவில் வீட்டில் உறங்கலாம். புதியவனுக்கு முதல் ஈராண்டுகள் அதுவே நல்லதென நான் கருதுகிறேன். இளைஞர்கள் இதை விரும்புவதில்லை. நண்பன் டிரிப் பணத்தில் புது மோட்டார் சைக்கிள் வாங்கியதைத்தான் அவர்கள் பார்க்கின்றனர்.

பெற்றோர் பார்க்கவேண்டியது சேமநிதிக் கணக்கை. 1,700 ரிங்கிட் அடிப்படைச் சம்பளமும் 2,000 ரிங்கிட் டிரிப் பணமும் பெறும் ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். 3,700 ரிங்கிட்டுக்கும் சந்தா செலுத்தினால், தொழிலாளியின் 11 விழுக்காடும் முதலாளியின் 13 விழுக்காடும் சேர்ந்து மாதம் ஏறத்தாழ 888 ரிங்கிட் சேரும். அடிப்படைச் சம்பளத்திற்கு மட்டும் செலுத்தினால் 408 ரிங்கிட்தான். ஓராண்டில் 5,760 ரிங்கிட் வேறுபாடு. 1991-ஆம் ஆண்டின் சேமநிதிச் சட்டம் பயணப்படியைச் சம்பளக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே டிரிப் பணத்திற்குப் 'பயணப்படி' என்று பெயர் சூட்டும் வழக்கமும் உண்டு. பெயரை மாற்றினால் அது உழைப்புக்குரிய கூலி இல்லை என்றாகிவிடுமா?

டிரிப்புக்கும் டன்னுக்கும் கூலி என்றால் உறக்கம் குறையும், சுமை கூடும். 13 மே 2025 அன்று தெலுக் இந்தான் அருகே கல் ஏற்றிய லோரி மோதியதில் கலகத் தடுப்புக் காவலர் ஒன்பது பேர் மாண்டனர். அதன்பின் அதிகச் சுமை பற்றி நாடே பேசியது. சுமையை ஏற்றுவித்தவர் எவராயினும், சாலையில் முதலில் பிடிபடுபவர் ஓட்டுநரே. அதிகச் சுமையுடன் புறப்பட மறுத்தால் என்ன நடக்கும் என்று வேலையில் சேருமுன்பே கேட்கச் சொல்கிறேன்.

சொந்த லோரி வாங்கும் கனவும் பலருக்கு உண்டு. 'ஏ' அனுமதி இல்லாதவர் பிறர் பெயரிலுள்ள அனுமதியில் ஓட்டி, மாதந்தோறும் அதற்கும் பணம் கட்டுவதைக் காண்கிறோம். தவணை, டயர், டீசல் எல்லாம் அவர் தலையில். சுயதொழில் செய்வோருக்கான 2017-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2020 முதல் சரக்குப் போக்குவரத்துத் துறையினருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பெர்கேசோவில் பதிந்து சந்தா கட்டினால் வேலையின்போது நேரும் விபத்துக்கு இழப்பீடு உண்டு. சேமநிதிக்கு மட்டும் அவராகவே மாதந்தோறும் பணம் ஒதுக்கவேண்டும்.