பின்பக்க மோதலும் முதல் தலைமுறை மஸ்டாங் சீரமைப்பும்

ஃபோர்டு மஸ்டாங் என்பது அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1964ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் நியூயார்க் உலகக் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கார் ஆகும். இரண்டு ஆண்டுகளுக்குள் பத்து லட்சம் மஸ்டாங்குகள் தயாராயின. முதல் தலைமுறையைச் சேர்ந்த பல கார்கள் இன்றும் சாலையில் ஓடுகின்றன. இவற்றுக்கு நேரும் விபத்துகளில் பின்பக்க மோதல் தனிக் கவனம் பெறுகிறது. தொடக்கம் முதல் 1970 மாடல் வரை வந்த மஸ்டாங்குகளில் பெட்ரோல் டேங்கின் மேல்தகடே டிக்கியின் தரையாகவும் இருந்ததே இதற்குக் காரணம். எனவே பின்பக்கம் நசுங்கிய மஸ்டாங்கைச் சீரமைப்பவர் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே திருப்பித் தருவதா, அல்லது அந்தக் காலம் சரிசெய்யாமல் விட்ட குறையைச் சரிசெய்து தருவதா?

மஸில் கார் காலம்

நடுத்தர அளவுக் காரில் பெரிய காருக்குரிய எஞ்சினைப் பொருத்தி, ஓரளவு குறைந்த விலைக்கு விற்கப்பட்ட அமெரிக்கக் கார்களுக்கு 'மஸில் கார்' என்ற பெயர் வழங்கியது. 1964 மாடலாக வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. இந்த வகையைப் பரவலாக்கியது. அதில் 389 கன அங்குல, அதாவது சுமார் 6.4 லிட்டர் கொள்ளளவுள்ள வி8 எஞ்சின் இருந்தது.

மஸ்டாங் அளவில் சிறியது என்பதால் கண்டிப்பான வகைப்பாட்டில் அது 'போனி கார்' எனப்படும். எனினும் 1968இல் 428 கன அங்குல (சுமார் 7 லிட்டர்) கோப்ரா ஜெட் எஞ்சினும், அடுத்த ஆண்டில் மாக் 1, பாஸ் 429 ஆகிய வகைகளும் வந்தபின் அதையும் மஸில் கார்களோடு சேர்த்தே பேசுவது வழக்கமாயிற்று.

இக்காலத்தின் விளம்பரங்கள் வேகத்தையும் தோற்றத்தையும் முன்வைத்தன. மோதல் பாதுகாப்பு பற்றிய கட்டாய விதிகள் மஸ்டாங் வடிவமைக்கப்பட்டபோது இல்லை. ரால்ஃப் நேடர் கார்களின் பாதுகாப்புக் குறைகளை விமர்சித்து எழுதிய நூல் 1965இல் வெளிவந்தது. 1966 செப்டம்பர் 9 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் தேசியப் போக்குவரத்து மற்றும் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்குள் மஸ்டாங்கின் அடிப்படை அமைப்பு முடிவாகி, பத்து லட்சம் கார்கள் வெளிவந்துவிட்டன.

பின்பகுதியின் அமைப்பு

மஸ்டாங் தனிச் சேஸிஸ் இல்லாத கார். பாடியும் சட்டமும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்ட ஒற்றை அமைப்பு அது. ஃபோர்டின் சிக்கனக் காரான ஃபால்கனின் பாகங்களைப் பெருமளவு பயன்படுத்தி அது உருவாக்கப்பட்டது. டேங்க் அமைப்பும் ஃபால்கனில் இருந்ததே.

டிக்கியின் தரையில் பெரிய செவ்வக ஓட்டை விடப்பட்டிருக்கும். அதனுள் டேங்கை மேலிருந்து இறக்கி, அதன் விளிம்பைச் சுற்றித் திருகாணிகளால் இறுக்குவார்கள். டேங்கின் மேற்பகுதியே தரையாகிவிடுவதால் தனியாக ஒரு தகடு தேவைப்படவில்லை. தொடக்க ஆண்டுகளின் டேங்க் 16 அமெரிக்க காலன், அதாவது சுமார் 60 லிட்டர் பெட்ரோல் கொள்ளும். பெட்ரோல் மூடி காரின் பின்முகத்தில் நடுவில் இருக்கும். அங்கிருந்து ஒரு குட்டைக் குழாய் டிக்கிக்குள் வந்து, ரப்பர் ஹோஸ் வழியாக டேங்கோடு இணையும்.

பின்னால் வரும் வண்டி பலமாக மோதினால் பின்முகத் தகடு முன்னோக்கி நகர்ந்து குழாயைத் தள்ளுகிறது. ரப்பர் இணைப்பு கழன்றால் பெட்ரோல் டிக்கிக்குள்ளேயே கொட்டும். டேங்க் நசுங்கி மேல்பக்கம் கிழிந்தாலும் அதுவே நடக்கும். சாதாரண கூரை வகை மஸ்டாங்கில் டிக்கிக்கும் பயணிகளுக்கும் இடையே பின் இருக்கையின் சாய்மானமும் ஓர் அட்டைத் தடுப்பும் மட்டுமே இருந்தன. தீப்பொறி பட்டால் நெருப்பு உள்ளே வரத் தடை ஏதும் இல்லை.

விதிகள் வந்த வரிசை

எரிபொருள் கசிவு பற்றிய அமெரிக்கக் கூட்டரசின் 301ஆம் எண் பாதுகாப்புத் தரம் 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது மணிக்கு 30 மைல் வேகத்தில் நிகழும் முன்பக்க மோதலை மட்டுமே சோதித்தது. பின்பக்க மோதல் சோதனை 1976 செப்டம்பருக்குப் பிறகு தயாரான கார்களுக்கே கட்டாயமானது.

இடைப்பட்ட ஆண்டுகளில் ஃபோர்டின் இன்னொரு காரான பின்டோ இந்தச் சிக்கலை நாடறியச் செய்தது. 1971 மாடலாக வந்த பின்டோவில் டேங்க் பின் அச்சுக்குப் பின்னால் இருந்தது. பின்பக்க மோதலில் டேங்க் முன்னோக்கித் தள்ளப்பட்டு அச்சுப் பெட்டியின் போல்ட்டுகளில் குத்தும் அபாயமும், நிரப்புக் குழாய் பிடுங்கிக்கொள்ளும் அபாயமும் இருந்தன. 1972இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு விபத்தில், நெடுஞ்சாலையில் நின்றுபோன பின்டோவின் மீது பின்னால் வந்த கார் மோதித் தீப்பிடித்தது. ஓட்டிவந்த பெண் இறந்தார். உடன் இருந்த 13 வயதுச் சிறுவன் கடும் தீக்காயம் அடைந்தான். 1978இல் நடுவர் குழு ஃபோர்டுக்கு 12.5 கோடி டாலர் தண்டத்தொகை விதித்தது. நீதிபதி அதை 35 லட்சம் டாலராகக் குறைத்தார். அதே ஆண்டு சுமார் 15 லட்சம் பின்டோ, மெர்க்குரி பாப்கேட் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. டேங்குக்கு முன்னால் பிளாஸ்டிக் கவசமும் நீளமான நிரப்புக் குழாயும் பொருத்தித் தரப்பட்டன.

பாதுகாப்புத் தரங்கள் புதிதாகத் தயாராகும் கார்களுக்கே பொருந்தும். பழைய கார்களை அவை கட்டுப்படுத்துவதில்லை. கழுத்தைக் காக்கும் தலைத்தாங்கி 1969 ஜனவரி முதல் கட்டாயமானது. பின் கண்ணாடியருகே எரியும் மூன்றாவது பிரேக் விளக்கு 1986 மாடல் முதல் வந்தது. ஆகவே 1966 மஸ்டாங் ஒன்று இன்றைய நெரிசலில் ஓடும்போது, பின்னால் வருபவரை எச்சரிக்கும் ஏற்பாடும் குறைவு, மோதினால் தாங்கும் ஏற்பாடும் குறைவு.

மோதலின் விசை செல்லும் வழி

சீரமைப்பு, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்திலிருந்து தொடங்குவதில்லை. விசை எந்த வழியாகப் போனது என்று தேடுவதே முதல் வேலை. பம்பரிலிருந்து அது பின்முகத் தகட்டுக்கும், டிக்கியின் இருபுறமும் நீளவாக்கில் செல்லும் சட்டங்களுக்கும் போகிறது. பின் அச்சைத் தாண்டுவதற்காக இந்தச் சட்டங்கள் மேல்நோக்கி வளைந்திருக்கும். வளைந்த இடமே முதலில் மடங்கும். அடுத்து, சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத்தகடு நெளியும். கதவுக்கும் பக்கத்தகட்டுக்கும் இடையேயுள்ள சந்து ஒருபுறம் குறுகும். கூரை பக்கத்தகட்டோடு சேரும் மூலையில் பெயின்ட் விரிசல் கண்டால் விசை கூரை வரை போயிருக்கிறது என்று பொருள்.

லீஃப் ஸ்பிரிங் எனப்படும் கமான் பட்டைகளின் பின்முனை இந்தச் சட்டங்களில்தான் தொங்குகிறது. சட்டம் நகர்ந்தால் அச்சும் கோணலாகும். கார் நேராக ஓடாது. மஸ்டாங்கின் முன், பின் சக்கர மையங்களுக்கு இடையேயுள்ள தூரம் 1970 வரை 108 அங்குலம், அதாவது 2,743 மி.மீ. இரு பக்கமும் இந்த அளவு ஒத்திருக்க வேண்டும். மூலைக்கு மூலை குறுக்களவும் எடுப்பார்கள். இரண்டு குறுக்களவுகள் மாறுபட்டால் பாடி திருகியிருக்கிறது.

வெல்டிங் தொடங்குமுன் டேங்கைக் கழற்றி அகற்றுவது கட்டாயம். காலியான டேங்க் ஆபத்தற்றது என்ற நம்பிக்கை தவறானது. உள்ளே தங்கிய பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்திருப்பதால், நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க் எளிதில் வெடிக்கும்.

சீரமைப்பு முறைகள் மாறிய விதம்

தொடக்கக் காலத்தில் மஸ்டாங் ஒரு பழைய கார், அவ்வளவுதான். பின்பக்கம் இடிபட்டால் செலவைச் சுருக்கும் வழியே தேடப்பட்டது. சட்டத்தைச் சங்கிலி கட்டி இழுத்தார்கள். பக்கத்தகட்டில் துளையிட்டு, கொக்கி மாட்டி, பள்ளத்தை வெளியே எடுத்தார்கள். மீதிப் பள்ளத்தைப் பட்டி பூசி மறைத்தார்கள். பழைய இரும்புக் கடைக்கு வந்த வேறொரு காரின் பின்பகுதியை வெட்டி ஒட்டுவதும் உண்டு. அந்தப் பழுதுகள் பல பெயின்டுக்கு அடியில் இன்னும் உறங்குகின்றன. பிந்தைய உரிமையாளர் பழைய பெயின்டைச் சுரண்டும்போது விரல் தடிமனில் பட்டி உதிர்வது சீரமைப்பாளர்கள் அடிக்கடி காணும் காட்சி.

1973 எண்ணெய் நெருக்கடி, புகைக் கட்டுப்பாட்டு விதிகள், உயர்ந்த காப்பீட்டுக் கட்டணம் ஆகியவற்றால் மஸில் கார் காலம் முடிந்தது. புதிதாக வராததால் பழையவற்றுக்கு மதிப்பு கூடத் தொடங்கியது. 1976இல் அமெரிக்க மஸ்டாங் சங்கம் உருவானது. வாயு மறைப்பில் கம்பி உருகும் மிக் வெல்டிங் பட்டறைகளில் பரவியது. மெல்லிய தகட்டை அதிகம் சூடாக்கி நெளியவிடாமல் இணைக்க அது உதவியது. பழைய அச்சைப் பின்பற்றிப் புதிதாகச் செய்த பக்கத்தகடு, சட்டம், டிக்கித் தரை, டேங்க் எல்லாம் விலைக்குக் கிடைக்கலாயின. 2011இல் ஃபோர்டின் உரிமத்தோடு 1965 கன்வர்ட்டிபிள் மஸ்டாங்கின் முழு பாடியே புதிதாக விற்பனைக்கு வந்தது.

இன்றைய நல்ல பட்டறையில் நெளிந்த தகட்டின் மேல் வேறு தகடு ஒட்டுவதில்லை. பழைய புள்ளி வெல்டிங்குகளை ஒவ்வொன்றாகத் துளைத்துப் பிரித்து, புதிய பாகத்தை அதே இணைப்பில் வைத்து, அதே இடங்களில் வெல்டிங் செய்கிறார்கள். கதவையும் டிக்கி மூடியையும் பொருத்திச் சந்துகளைச் சரிபார்த்த பிறகே இறுதி வெல்டிங் நடக்கும். அக்காலத்து மென்மையான எஃகு இழுக்கவும் தட்டவும் இடங்கொடுக்கும் என்பது சீரமைப்பாளருக்குச் சாதகம்.

அசல் என்பதன் பொருள்

மஸ்டாங்கின் அடையாள எண் எஞ்சின் பகுதியின் உட்பக்கத் தகடுகளில் பொறிக்கப்பட்டிருக்கும். விவரத் தகடு ஓட்டுநர் கதவில் இருக்கும். பின்பக்க மோதல் இவ்விரண்டையும் தொடுவதில்லை. காரின் பின்பகுதி முழுவதையும் மாற்றினாலும் அது அதே கார்தான். சில டாட்ஜ், பிளிமத் மாடல்களில் நிலைமை வேறு. அவற்றில் எண்ணின் ஒரு பகுதி டிக்கி ஓரத்துத் தகட்டில் பொறிக்கப்பட்டிருப்பதால், அந்தத் தகட்டை வெட்டி எறிந்தால் காரின் சான்று ஒன்று அழிந்துவிடும்.

போட்டிக் கண்காட்சிகளில் தொழிற்சாலை நிலைக்கு எவ்வளவு நெருக்கம் என்பதே அளவுகோல். அதனால் நல்ல நிலையிலுள்ள அசல் தகட்டை வெட்டாமல் தட்டி எடுக்கவே பலர் விரும்புகின்றனர். இங்கேதான் அசல் தன்மையும் பாதுகாப்பும் முரண்படுகின்றன. டிக்கியைத் திறந்தால் டேங்கின் மேல்தகடு தெரிவது அசல். அது தெரியாமல் மூடுவது மாற்றம்.

டேங்க் பற்றிய முடிவு

மாற்ற விரும்புபவர்களுக்குச் சில வழிகள் உண்டு. டேங்குக்கு மேல் எஃகுத் தகடு பொருத்தித் தனித் தரை அமைப்பது ஒன்று. பின் இருக்கைக்குப் பின்னால் அட்டைக்குப் பதிலாக எஃகுத் தடுப்பு வைப்பது இன்னொன்று. மூன்றாவது வழி பந்தயக் களத்திலிருந்து வந்தது. 1964 மே மாதத்தில் சார்லட், இண்டியானாபோலிஸ் பந்தயங்களில் கார்கள் தீப்பிடித்தன. ஃபயர்பால் ராபர்ட்ஸ், எடி சாக்ஸ், டேவ் மெக்டொனால்ட் ஆகியோர் உயிரிழந்தனர். அதன்பின் பந்தயக் கார்களில் கிழியாத ரப்பர் பையைக் கொண்ட எரிபொருள் கலங்கள் பரவின. மஸ்டாங் விற்பனைக்கு வந்த இரண்டு மாதங்களுக்குள் நடந்த விபத்துகள் இவை. பந்தய வீரருக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, கடையில் கார் வாங்கியவருக்குக் கிடைக்கவில்லை.

இவ்வழிகளின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். எஃகுத் தகடு பெட்ரோலும் நெருப்பும் உள்ளே வருவதைத் தாமதப்படுத்தும். டேங்க் நசுங்குவதைத் தடுக்காது. துருப்பிடித்த சட்டத்தின் மேல் எதைப் பொருத்தினாலும் பயன் குறைவு. ஆகவே சட்டங்களைச் சரியாகச் சீரமைப்பதே முதல் பாதுகாப்பு. தகடும் தடுப்பும் அதற்கு அடுத்தவை.

காப்பீடும் இந்த முடிவில் பங்கு வகிக்கிறது. சாதாரணக் காப்பீடு காரின் வயதைக் கணக்கிட்டு மதிப்பைக் குறைப்பதால், சிறு சேதத்துக்கே 'முழு இழப்பு' என்று முடிவாகலாம். பழங்கார்களுக்கான காப்பீட்டில் மதிப்பை முன்னரே இரு தரப்பும் ஒப்புக்கொள்வதால், முழுமையான சீரமைப்புக்கு இடம் கிடைக்கிறது. பின்பகுதி எப்படியும் பிரிக்கப்பட்டிருக்கும் அந்த நேரத்தில் தடுப்புத் தகடு பொருத்துவதற்கு ஆகும் கூடுதல் செலவு குறைவு.

கண்காட்சியில் மட்டும் நிற்கும் கார் அசல் நிலையில் இருக்கலாம். அது தன் காலத்தின் சாட்சி. சாலையில் ஓடும் காரில் மனிதர்கள் அமர்கிறார்கள். 1964இல் ஒரு தகட்டை மிச்சப்படுத்திய முடிவைத் திருத்தும் வாய்ப்பு, விபத்துக்குப் பின் பிரிக்கப்பட்ட காரின் முன் நிற்கும் சீரமைப்பாளருக்கும் உரிமையாளருக்கும் கிடைக்கிறது.